ஒன்றரை ஷிப்டுக்காரனும் ஒன்றரை அடி ரயிலும்

ஏங் கண்ணு, மொட்டை மாடி ரூமைக் காலி பண்ணிப் பொம்மை ரயிலு உடப் போறியாமா? உன்ற ஊட்டுக்காரி வந்து சொன்னா. அழுதுட்டுச் சொல்லியிருந்தா நானே வந்து உன்னை நாலு போடு போட்டிருப்பேன். அவ சிரிச்சுட்டல்லோ சொன்னா! "போவட்டும் அப்புச்சி, ராத்திரியாச்சும் ஊட்டுல இருப்பாரல்ல"ங்கறா. இதைவிடப் பெரிய பச்சைக்கொடி உனக்கு எந்த ஸ்டேஷன்லயும் கெடைக்காது. அவ மனசு மாறறதுக்குள்ள வண்டியை எடுத்துரு.

உக்காரு, ரெண்டு நாயம் பேசலாம். அப்புச்சிக்கு ரயிலைப் பத்தி என்ன தெரியும்னு நெனைச்சுராதே. ஊத்துக்குளி ஸ்டேஷன்ல வெண்ணெய்க் கூடையோட நின்னு, கோவை எக்ஸ்பிரஸ் நிக்காமப் போறதைப் பாத்துப் பாத்தே தலை நரைச்சவன் நானு.

மொதல்ல உன்ற நேரக் கணக்கைப் போடுவோம். மெர்ச்சன்டைசர்னா பேருக்கு ஆபீஸ் ஸ்டாஃபு. பாக்கறது என்னமோ டெய்லருகளாட்ட ஒன்றரை ஷிப்டு. காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்கு வெளிய. அதுக்கு மேல பனியன் வாங்கற பையரு. ஜெர்மனிக்காரன் சாயங்காலம் பையைத் தூக்கறதுக்கு முன்னால ஒரு மெயிலைத் தட்டி உட்டுட்டு நிம்மதியா ஊட்டுக்குப் போயிருவான். இங்க உனக்கு மணி ஒம்போது ஆயிருக்கும், தட்டுல போட்ட தோசை ஆறிக் கெடக்கும். மிச்சம் இருக்கறது ஞாயித்துக்கெழமை. அதுலயும் கண்ணாலம், காதுகுத்து, புண்ணியார்ச்சனை. மொய் வெச்சு, ஒரம்பரைகளோட நாயம் பேசி முடிக்கறதுக்குள்ள பொழுது உழுந்துரும்.

அதுக்குத்தான் சொல்றேன், போன்ல காலண்டர் பாக்காதே, பஞ்சாங்கத்தைப் பாரு. ஆடியும் மார்கழியும் உனக்குன்னே பெரியவங்க ஒதுக்கி வெச்ச மாசம். கண்ணாலம் காச்சி கெடையாது, ஒருத்தனும் பத்திரிகையை நீட்ட மாட்டான். பலகை அறுக்கறது, ஆணி அடிக்கறதுன்னு சத்தம் போடற சோலியெல்லாம் அந்த ரெண்டு மாசத்து ஞாயித்துக்கெழமைல முடிச்சுக்கோ. ஆடியில கெடாவெட்டு வரும்தான். அதுக்கு உன்ற பங்காளிகளை அனுப்பி வெய்யி, கறி தானா வந்து சேரும். அப்பறம் தீபாவளி. போனஸ் வாங்கினதும் மதுரை, தேனி, திருநெல்வேலிச் சனமெல்லாம் பஸ்ஸேறிப் போயி, ஊரே ஒரு வாரத்துக்கு வெறிச்சோடிக் கெடக்கும். பையர் கத்தினாலும் கம்பெனிக் கதவு தொறக்காது. அந்த வாரம் ஒனக்கு லட்ச ரூவாக்குச் சமானம்.

மத்த நாள்ல ராத்திரி இருவது நிமிசம். "இருவது நிமிசத்துல என்ன அப்புச்சி ஆவும்"ங்கறியா? உன்ற அம்முச்சி பால் ஊத்தற காசுல எட்டணாவும் ஒரு ரூவாயுமா அரிசிப் பானைக்குள்ள சிறுவாடு சேத்து, எனக்கே தெரியாம ஒரு எருமை வாங்கினா. அந்தக் கணக்குத்தான் இது.

நீ அந்த இருவது நிமிசத்தை என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாதாக்கும்! போனைத் தொறந்து ஹாம்பர்க்ல இருக்கற மினியாட்டூர் வுண்டர்லாண்டைப் பாத்துட்டுப் படுத்திருக்கறே. 2001-ல பிரவுன்னு ரெட்டைப் பொறந்த பசங்க முன்ன நின்னு தொறந்தது; ஒலகத்துலயே பெரிய பொம்மை ரயிலுங்கறாங்க. ஏரோப்ளேன்கோட அதுல கெளம்பிப் போவுது. ஆனா அங்க நூத்துக்கணக்குல ஆளுக சம்பளம் வாங்கிட்டு அதே சோலியாத் திரியறாங்க சாமி. நீ ஜெர்மனிக்குப் பனியன் ஏத்தி அனுப்பறே, அவன் பதிலுக்கு உனக்கு ஏக்கத்தை ஏத்தி அனுப்பிட்டான். இந்த யாவாரத்துல லாபம் யாருக்குன்னு நீயே பாத்துக்கோ.

நேரமில்லாத ஆளைப் பாக்கோணும்னா ராட் ஸ்டூவர்ட்டுங்கற இங்கிலீஷ் பாட்டுக்காரரைப் பாரு. ஊர் ஊராக் கச்சேரி, பொட்டி பொட்டியாச் சாமான். அவரு 23 வருசமா ஒரு பழைய அமெரிக்கப் பட்டணத்தை ரயிலோட கட்டியிருக்காரு. 2019-லதான் ஒரு ரயில் மாடல் பத்திரிகையில அதைக் காட்டுனாரு. கச்சேரிக்குப் போற ஊர்ல ஓட்டல்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி இன்னொரு ரூம் எடுப்பாராம். அவங்களும் கட்டலைத் தூக்கி வெளிய போட்டுட்டு, காத்தாடி வெச்சுக் குடுப்பாங்களாம். ராத்திரி பாட்டு, பகல்ல பசை. அவ்வளவு பெரிய மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? எல்லாம் நானே செஞ்சேன், கரண்டு வேலை மட்டும் நமக்கு வராது, அதுக்கு வேற ஆளு போட்டேன்னாரு.

இதை நீ திருப்பூர்ல பொறந்துட்டு ஒரு பாட்டுக்காரர்கிட்டக் கத்துக்க வேண்டியிருக்குது பாரு! நூல் ஒருத்தன், நிட்டிங் ஒருத்தன், சாயம் ஒருத்தன், காம்பேக்டிங் ஒருத்தன், பிரிண்டிங் ஒருத்தன். ஊரே ஜாப் ஒர்க்குல ஓடுது. நீ மட்டும் ஊட்டுக்கு வந்ததும் தச்சனும் நானே, எலக்ட்ரீசியனும் நானே, பெயிண்டரும் நானேன்னு நிக்கறே. உங்க கம்பெனில மிஷின் மெக்கானிக் ஒருத்தன் இருப்பானல்ல? ஒரு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தா பன்னெண்டு வோல்ட் வயரை அவன் கண்ணை மூடிட்டு இழுத்துத் தருவான். பலகையை ஆசாரிகிட்ட உடு. மரம், மண்ணு, ஸ்டேஷன் கட்டடம், அது மட்டும் உனக்கு.

இன்னொண்ணும் கேக்கறேன். வெட்டறதுக்கு முன்னால பையருக்கு அனுப்பற பிபி சாம்பிளுக்கு அப்ரூவல் வராம கட்டிங் டேபிள்ல துணி விரிப்பியா? விரிச்சா மொதலாளி உன்னையே விரிச்சுருவாரு. ஊட்டுல மட்டும் சாம்பிளும் இல்லை, ஒண்ணும் இல்லை, எடுத்த எடுப்புலயே எட்டுக்கு நாலு பிளைவுட்டு! மொதல்ல ஒன்றரை அடிக்கு ஒரு பலகைத் துண்டு எடு. அதுல ஒரு சாண் தண்டவாளம், ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை. ஜல்லி ஒட்டுதா, பச்சை நெசமா இருக்குதா பாரு. பச்சைக்கு மரத்தூளைச் சாயத்துல முக்கிக் காய வெச்சாப் போதும், உனக்குத் தெரியாத சாயமா? சாயத்துக்குப் பையர்கிட்டக் காட்டற லேப் டிப் மாதிரி மூணு ஷேடு போட்டு உன்ற பையன்கிட்டக் காட்டி அப்ரூவல் வாங்கு. ஆறு வயசுப் பையன்தான், ஆனா பையரைவிடக் கறாரா இருப்பான், பாத்துக்கோ.

சரி, எந்த ஊரைக் கட்டப் போறே? திருப்பூர் ஸ்டேஷனா? அப்பிடின்னா ஒரு கணக்குச் சொல்றேன், எழுதிக்கோ. புதுப் பெட்டி ஒண்ணு இருவத்து மூணரை மீட்டர். 22 பெட்டியும் ஒரு எஞ்சினும் சேத்தா அரைக் கிலோமீட்டருக்கு மேல. எச்.ஓ.ங்கற 87-ல ஒரு பங்கு அளவுல செஞ்சாலும் ரயிலு மட்டுமே இருவது அடி. உன்ற ரூமு பத்துக்குப் பன்னெண்டு. எஞ்சின் பொடக்காளில நிக்கும், கடைசிப் பெட்டி பக்கத்தூட்டுக்காரன் மாடில நிக்கும். 'என்' (N) ஸ்கேல்னு 160-ல ஒரு பங்கு இருக்குதே, அதுல பதினோரு அடி. அப்பவும் ரயிலைச் செவுத்துல முட்டி நிறுத்தி வெச்சுக் கும்புடலாம், ஓட்ட முடியாது.

அதுக்கு வஞ்சிபாளையத்தை எடு. எக்ஸ்பிரஸ்காரன் திரும்பிக்கோடப் பாக்காத ஸ்டேஷன். நாலு பெட்டி பாசஞ்சரு என் ஸ்கேல்ல ரெண்டேகால் அடியில அடங்கிரும். அந்த ஸ்கேல்ல வளைவும் சின்னதா வளையும். மச்சுல கெடக்கற பழைய கதவு ஒண்ணை எறக்கிப் படுக்கப் போட்டா, ரயிலு சுத்தி வர்றதுக்கு எடம் ஆச்சு. சோலி முடிஞ்சதும் கதவைத் தூக்கிச் செவுத்துல சாத்திரலாம். எச்.ஓ.வுல அதே வட்டத்துக்கு நாலடி அகலம் வேணும். அகலம் கூடக் கூடச் சண்டையும் கூடும், அதை நான் கண்ணாலம் ஆனவன்கிட்ட வெளக்கணுமா?

இதுல ஒரு வேடிக்கை இருக்குது. நம்ம அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எச்.ஓ.வுல அது 19 மில்லிக்கு மேல வரணும். கடையில விக்கறது வெள்ளைக்காரன் பாதைக்குச் செஞ்ச 16.5 மில்லி. காலர்ல கால் இஞ்ச் கூடிப் போச்சுன்னு கன்டெய்னரையே திருப்பி அனுப்பறவன்கிட்ட வேலை பாக்கறவன் நீ. ஊட்டுல மட்டும் மூணு மில்லி பத்தலைன்னாலும் "பரவால்ல அப்புச்சி"ங்கறே. அந்த மனசை ஆபீஸ்லயும் வெச்சுக்கோ, பிரஷர் மாத்திரை குறையும்.

ஊட்டி ரயிலு வேணும்னு உன்ற மனசுக்குள்ள ஒரு பூச்சி ஓடறதும் எனக்குத் தெரியும். அதைத் தொடாதே. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் அது பல்சக்கரத்தைக் கடிச்சுக் கடிச்சு ஏறுது. பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏத்தம், எஞ்சின் பின்னால நின்னு நெட்டித் தள்ளோணும். பொம்மை ரயிலுக்கு அம்பது அடிக்கு ஒரு அடி ஏத்தம்னாலே மூச்சு வாங்கும். ஆனா உனக்கு ஆறுதலா ஒண்ணு அதுல இருக்குது. 1854-ல பேச்செடுத்து, 1891-ல வேலை ஆரம்பிச்சு, 1908-ல ஊட்டி போய்ச் சேந்தாங்க. வெள்ளைக்கார சர்க்காரே அம்பத்து நாலு வருசம் எடுத்துக்கிட்டது. உன்ற பொண்டாட்டி "இன்னும் முடியலையா"ன்னா இந்தக் கணக்கைச் சொல்லு. ஆனா தூரமா நின்னு சொல்லு.

உன்னையாட்டக் கிறுக்கு நம்ம நாட்டுலயே இன்னொருத்தருக்கும் இருந்துச்சு. புனேயில கோத்ரூட்னு ஒரு எடம். அங்க ஜோஷின்னு ஒருத்தரு, சின்னத் தொழிற்கூடம் நடத்திக்கிட்டே பொம்மை ரயிலுக் கிறுக்குப் புடிச்சுத் திரிஞ்சாரு. அது வளந்து வளந்து, சிக்னலும் ரோடும் ஊருமா ஆயி, 1998-ல மியூசியமாவே தொறந்துட்டாரு. இன்னைக்கும் சனம் டிக்கெட் வாங்கிப் பாக்குது. மெஷின் சத்தத்துக்கு நடுவுல பொழப்பைப் பாத்தவருதான் அவரும். உன்னை மியூசியம் தொறக்கச் சொல்லலை. உங்க அக்கா ஊட்டுக்காரரு வந்தா டிக்கெட் போட்டா நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

சாமானுக்கு அமேசான்ல தேடாதே, உன்ற கம்பெனிக் குப்பையில தேடு. தீந்து போன நூல் கோன் பொக போக்கிக்கு ஆவும். எக்ஸ்போர்ட் அட்டைப் பொட்டி, பிசுறில்லாம வெட்டினாக் கட்டடம். கரண்டு ரயிலுக்கு மேல போற கம்பிக்கு லைக்ரா நூலு இருக்குதே, அது அசல் வரம். விரல் நீளக் குச்சிகளை நட்டு, அந்த இருவது டெனியர் நூலை லேசா இழுத்து ஒட்டிரு. பையன் கை பட்டா இழுத்துக்கிட்டுப் போயி மறுக்கா நேரா வந்து நின்னுக்கும். செப்புக் கம்பின்னா ஒரே தட்டுல மடங்கிப் போயிரும்.

ஆனா இந்த ஊர்ல ரயிலுக்கு ஒரு சத்துரு இருக்கான்: பஞ்சு. கீழ் ஊட்டுல நாலு ஓவர்லாக் ஓடுதல்ல? அதுல பறக்கற பஞ்சு தண்டவாளத்துல படியும். எஞ்சின் ரெண்டு சுத்து வர்றதுக்குள்ள அச்சுல சுத்திக்கும். கரண்டு சரியாப் பாயாது, வண்டி விக்கி விக்கி நிக்கும். கவுத்துப் போட்டு ஊசியால சுருள் சுருளா எடுக்கோணும். துடைக்கறதுக்குப் பனியன் வேஸ்ட்டை எடுத்துராதே. ஊரு ஒலகத்துக்கெல்லாம் மிஷின் தொடைக்க நாமதான் வேஸ்ட் அனுப்பறோம், ஆனா பஞ்சைப் பஞ்சால தொடைச்சாப் பஞ்சுதான் பெருகும். நூல் உடாத வழவழத் துணியில ரெண்டு சொட்டு ஸ்பிரிட் உட்டுத் தொடை. ராத்திரி படுக்கப் போறப்ப மேல ஒரு பாலிதீன் கவரைப் போத்தி உடு. பேக்கிங் செக்சன்ல அதுக்குப் பஞ்சமா?

ஓரமா நொய்யல் ஆறும் வெய்க்கப் போறேன்னியே. எந்தக் கலருல? வருசத்தைச் சொல்லிட்டுப் பூசு. 2011 சனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு முந்தின வருசங்கன்னா செகப்போ ஊதாவோ எது பூசினாலும் ஒருத்தனும் தப்புன்னு சொல்ல முடியாது. பையர் அந்த சீசனுக்கு எந்த ஷேடு கேட்டானோ அதுதான் ஆத்துல ஓடுச்சு. நீலமாப் பூசினாத்தான் "இது எந்த ஊரு ஆறு"ம்பாங்க. தண்ணியே இல்லாம மண்ணும் சீமைக் கருவேலமுமாக் காட்டினா எல்லா வருசத்துக்கும் பொருந்தும், பெயிண்ட்டும் மிச்சம்.

ரயிலு ஓட ஆரம்பிச்சதும் டைம்டேபிள் போடுவே, உன்ற புத்தி எனக்குத் தெரியும். போடு. ஆனா உன்ற பையனை ஸ்டேஷன் மாஸ்டரா வெய்யி. அவன் பச்சைக்கொடி காட்டற வரைக்கும் வண்டி அவுட்டர்ல நிக்கட்டும். அவன் சோறுண்டுட்டு, கார்ட்டூன் பாத்துட்டு, மெதுவா வருவான். நாலு பெட்டியும் வஞ்சிபாளையத்துக்கு வெளிய காத்துக் கெடக்கட்டும். அப்பத்தான் பாக்கறவங்க இது பொம்மை இல்லை, நெசமான ரயிலுன்னு நம்புவாங்க.

இந்தா, போன் அடிக்குது பாரு. ஜெர்மனிக்காரனாத்தான் இருக்கும். எடுத்துப் பேசு. வண்டி கெளம்பிருச்சா லேட்டான்னு கேட்டா, சிக்னல் கெடைச்சதும் கெளம்பிரும்னு சொல்லு. எந்த வண்டின்னு அவன் கேட்டா அப்பறம் பாத்துக்கலாம்.