ஒரு ஷாம்பு பாக்கெட்டை மூன்று தலைக்குப் பங்கிடும் முறை: பாகூர், வில்லியனூர் கொம்யூன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

குடும்பச் சிக்கனம் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை நடக்கவில்லை. நடந்திருந்தால் நான் படிக்கவில்லை. ஆய்வுலக வழக்கப்படி இரண்டும் ஒன்றே.

ஆய்வுக் களம் புதுச்சேரியின் கிராமப்புறம். இதற்கு எல்லை வகுப்பது கடினம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்குத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்ததால், இங்கே பஸ் ஏறுகிறவர் டிக்கெட் மாற்றாமலே மாநிலம் மாறிவிடுவார். 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நாடு சேர்ந்தது. பெட்ரோல் விலை மட்டும் இன்றுவரை சேரவில்லை. அதிலிருந்தே நம் ஆய்வு தொடங்குகிறது.

சிக்கனம் நான்கு வகைப்படும்: எல்லைச் சிக்கனம், அட்டைச் சிக்கனம், சந்தைச் சிக்கனம், பாக்கெட் சிக்கனம். ஐந்து என்பாரும் உளர். ஐந்தாவது எது என்று அவர்கள் சொல்வதில்லை.

எல்லைச் சிக்கனமாவது, கடலூர்க்காரர் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கு வந்து பெட்ரோல் போடுவதும், பாகூர்க்காரர் கடலூருக்குப் போய்த் துணி எடுப்பதும். முள்ளோடைக்கு வருகிற எல்லாரும் பெட்ரோலுக்காகவே வருகிறார்கள் என்று கொள்வதே ஆய்வு நாகரிகம். லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டருக்குப் பத்து ரூபாய். வந்த களைப்புக்கு ஒரு டீ, இரண்டு வடை. மிச்சம் முடிந்து கைக்காசும் போகிறது. இந்தக் கணக்கைக் கடலூர் மாமாவிடம் காட்டினேன். “டீ எப்படியும் குடிப்பேன்டா, அதை ஏன் இதில சேர்க்கிற?” என்றார். பொருளியலில் இதற்கு நிலைச் செலவு என்று பெயர்.

அட்டைச் சிக்கனம் ரேஷன் அட்டையால் வருவது; சிவப்பு, மஞ்சள் என இருநிறத்தது. 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்றார்கள். பிறகு ரேஷன் கடைகளே பல ஆண்டுகள் மூடிக் கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டி இலவச அரிசி, சர்க்கரையோடு மறுபடி திறந்தன. இடைப்பட்ட காலத்தில் பணம் ஏறிவிட்டதா என்று பார்க்க பேங்குக்குப் போய்வந்த ஆட்டோ செலவை யாரும் கணக்கெடுக்கவில்லை. இதற்கு மேல் எழுதினால் அரசியலாகும். அரசியல் எழுதினால் அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பு வராது.

சந்தைச் சிக்கனம்: மதகடிப்பட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்ந்து விலை இறங்கிய பிறகு.

இனி பாக்கெட் சிக்கனம். ஷாம்பைச் சிறு பாக்கெட்டில் அடைத்துச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். பாகூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்துபோய் 1983-ல் சிக் ஷாம்பைத் தொடங்கினார். காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். காலி பாக்கெட்டுக்கும் மதிப்பு உண்டு என்று நிறுவிய பெருமை இப்பகுதிக்கே உரியது. சிறு பாக்கெட்டுக்கு நேர்மாறான சான்று புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் கிடைக்கிறது. அங்கே 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஒவ்வொரு சாடியும் ஒரு ஆள் தூக்கத் திணறும் அளவு. சில்லறையாகப் பிரித்து விற்கத் தெரியாததாலேயே ரோமப் பேரரசு வீழ்ந்தது என்பது என் துணிபு. கடலூர் வீழவில்லை.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது வெளிநாட்டுப் பாடநூல் கொள்கை. நம் ஊர் ஷாம்பில் பல சமயம் மில்லிக்கு மில்லி பாட்டிலைவிட பாக்கெட்டே மலிவு. தவிர, பாட்டிலைக் கவிழ்க்கும் பிள்ளைக்குக் கை நிற்காது.

பாக்கெட்டைத் திறப்பதில் இரு பள்ளிகள் உண்டு. தலைப்பை முழுக்கக் கத்தரிப்போர் ஒரு சாரார். இவர்கள் ஊதாரிகள். நுனியை மட்டும் பல்லால் கடித்துக் கிள்ளுவோர் மறுசாரார் (பெரியம்மா, வாய்மொழி). துளை மிளகளவு இருக்க வேண்டும் (அத்தை, கிணற்றடி உரை, வெள்ளிக்கிழமை, ஈரத்தலையுடன் கூறியது). முதல் பங்கு காலேஜுக்குப் போகும் அக்காவுக்கு. இரண்டாவது தங்கைக்கு. துவைக்கிற கல்லில் பாக்கெட்டை வைத்துக் கட்டைவிரலால் அடியிலிருந்து நுனிவரை வழித்தால் அவள் தலைக்கு வரும். மூன்றாவது, பாக்கெட்டுக்குள் தண்ணீர் விட்டு நுனியைப் பிடித்துக் குலுக்கி அம்மா ஊற்றிக்கொள்வது. அம்மா தலைக்கு நுரை வராது, வாசனை வரும்.

நான்காம் தலை சாத்தியமா என்பதில்தான் உரையாசிரியர்கள் மாறுபடுவர். சாத்தியம் என்பது சின்னம்மா கட்சி (பாண்லே பால் கணக்கு எழுதிய காலண்டர், ஆகஸ்ட் தாளின் பின்பக்கம், எண்ணெய்க் கறைக்குக் கீழ் மூன்றாம் வரி). இதை மறுப்பவர் சித்தப்பா (அதே தாள், அதே வரிக்கு மேல், பேனா வேறு, கோபம் தெரிகிறது). அந்த மறுப்பு இடைச்செருகல் என்பது அண்ணியின் கருத்து (அடுக்களை விளக்கவுரை, குக்கர் விசிலுக்கு முன் கூறியது, விசிலுக்குப் பின் மாற்றிக்கொண்டார்). ஆயாவிடம் கேட்டேன். “சீயக்காய் இருக்க இதென்னடா ஆராய்ச்சி” என்றது. முறையான மேற்கோள் வடிவில் இல்லாததால் இக்கருத்து இங்கே ஏற்கப்படவில்லை.

ஒரு சரக்கு, மூன்று தலை என்ற உத்தி கல்வியுலகம் அறியாததல்ல. ஒரே கருத்தை முதல் கருத்தரங்கில் கெட்டியாகவும், இரண்டாவதில் வழித்தும், மூன்றாவதில் தண்ணீர் விட்டுக் குலுக்கியும் வாசிப்போரை நாம் அறிவோம். அம்மாவுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு, அம்மா பயணப்படி வாங்குவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. அறிஞர்களுக்கு ஊரே எழுதி வைத்த மண் இது. இன்று கட்டுரை அச்சாக அறிஞரே இதழுக்குக் காசு கட்டுகிறார். இப்படிச் செலவழிப்பதைச் சிக்கனத்தின் எந்த வகையிலும் சேர்க்க இயலவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மளிகை லிஸ்ட், பால் கணக்குக் காலண்டர், கடன் நோட்டு எதையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் தொகுதிக்கு அவை முதன்மை ஆதாரம். கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குக் கட்டுரையில் நன்றி தெரிவிக்கப்படும். பஸ் காசு தரப்படமாட்டாது.