சோற்றணை: தஞ்சை மெஸ் ஒன்றில் செய்த நீரியல் ஆய்வு

காவிரிப் பாசனத்தைப் பற்றி எழுதிய அறிஞர்கள் எல்லாரும் ஓர் அணையை விட்டுவிட்டார்கள். மேட்டூரைப் பற்றி எழுதினார்கள். முக்கொம்பு மேலணை, கல்லணை, கீழணை என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். வாழை இலையின் கீழ்ப்பாதியில், சோற்றின் நடுவே குழி பறித்து, நாலு விரலால் கரை உயர்த்தி, சாம்பார் வாளி வந்து சேர்வதற்குள் கட்டி முடித்து, கட்டியவரே பத்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அணையைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. அதற்கு மதகு இல்லை, டெண்டர் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை போலும். இக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக் களம், தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு மெஸ். ஆய்வுக் குழுவில் நான், என் மனைவி, மகன், அவனுக்கு இளையவளான மகள், பேராவூரணிப் பக்கம் விவசாயம் பார்த்த என் மாமனார். சென்னையிலிருந்து கிளம்பும்போது குழுவின் நோக்கம் வேறாக இருந்தது. பெரிய கோயில், சரஸ்வதி மகால், அரண்மனைக் கலைக்கூடம், முடிந்தால் திருவையாற்றில் அசோகா அல்வா என்று பட்டியல் போட்டிருந்தோம். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது, விமானம் 216 அடி, 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியபடி போனேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆட்டோக்காரர் சொன்னதை நம்பிய மகன், விழுந்து கிடந்த நிழலில் நின்றுகொண்டே நிழலைத் தேடினான். மாமா உள்ளே வர நேரமாயிற்று. கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் கல்லணைக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கால்வாயின் கடைமடையில்தான் அவர் வயல். "இங்க நல்லாத்தான் ஓடுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மெஸ்ஸில் ஆறு எவர்சில்வர் மேசை. கல்லாவில் காசு கொடுத்தால் மஞ்சள் டோக்கன். என்ன இருக்கிறது என்று கேட்பவர் யாருமில்லை. என்ன வருகிறதோ அது. போன நூற்றாண்டில் இம்மாதிரி இடங்களைக் காபி கிளப் என்றும் கிளப்புக் கடை என்றும் சொன்னார்கள். அவற்றின் மணம் குணம் பற்றி உருகி எழுதுகிறவர்கள் ஒன்றைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்: இலை போட்ட இடத்தில் எல்லாரையும் உட்கார விட்டதில்லை. சென்னையிலேயே, 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. எங்கள் மேசையில் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் யார் எவர் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் எங்களைப் பார்த்து, ஊறுகாயை நகர்த்தச் சொன்னதோடு சரி. நிற்க.

தஞ்சையில் சாம்பார் பேச்சை எடுத்தால் மராட்டிய அரண்மனைக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஷாஜி மன்னர் (1684–1712) அடுக்களையில் புளிப்புக்குப் போடும் கோகம் தீர்ந்துபோனதாம். நம்மூர்ப் புளியைக் கரைத்துப் பருப்பில் விட்டார்களாம். விருந்துக்கு வந்திருந்த சத்ரபதி சம்பாஜியின் பெயரையே அதற்கு வைத்தார்களாம். சான்று கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். சம்பாஜி 1689இல் கொல்லப்பட்டார். ஆகவே ஷாஜி பட்டத்துக்கு வந்த ஐந்தாண்டுக்குள் இந்த விருந்து நடந்திருக்க வேண்டும். ஔரங்கசீப்போடு ஓயாமல் மல்லுக்கு நின்ற மனிதர் அதற்கிடையில் தஞ்சாவூருக்குச் சாப்பிட வந்தார் என்று நம்ப நல்ல பசி வேண்டும். இரண்டாம் சரபோஜி காலத்தில் சரபேந்திர பாக சாஸ்திரம் என்று சமையலுக்கே ஒரு நூல் செய்தார்கள். சமைக்கச் சொல்லித்தர நூல் உண்டு. இலையில் விழுந்தபின் அது ஓடாமல் நிறுத்துவது சமையல்காரரின் கவலை அன்று. அது நம் துறை.

முதலில் நிலவியல். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது மரபு. அப்படிப் போட்டால் நடுத்தண்டு இடவலமாக ஓடி இலையை இரண்டாகப் பிரிக்கிறது. மேல்பாதி புன்செய்: கூட்டு, பொரியல், ஊறுகாய், அப்பளம். கீழ்ப்பாதி நன்செய். இங்கேதான் இயற்கை ஒரு சதி செய்திருக்கிறது. தண்டு அடியில் தடித்திருப்பதால் இலை நடுவில் மேடாகி இருபுறமும் சரிகிறது. கிளை நரம்புகளோ தண்டிலிருந்து புறப்பட்டு நேராக உண்பவரின் மடியைப் பார்த்து வருகின்றன. ஒவ்வொரு நரம்புக்கும் இடையில் நூல் போல் ஒரு வாய்க்கால். கரை உடைந்த சாம்பார் மேட்டுக்கு ஏறாது. நரம்பைப் பிடித்துக்கொண்டு வேட்டிக்கு வரும். மேசையும் நம் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளைச் சட்டையோடு பந்தியில் உட்காரும் இனம் இத்தனை காலம் பிழைத்துக் கிடப்பது சோற்றணையால்தான்.

அடுத்து கட்டுமானப் பொருள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், மோட்டா ரகம் என்று பிரிப்பார்கள். அங்கே விலைக்காகப் பிரிக்கிறார்கள், அணைக்காகவும் பிரிக்கலாம். மெஸ்ஸில் போட்டது பொன்னிப் புழுங்கல், பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. கண்ணுக்கு அழகு, கரைக்கு ஆகாது. மாமா புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "ஆயிரத்தொம்பதா இருந்தா நிக்கும்" என்றார். சி.ஆர். 1009 டெல்டாவில் சம்பாவுக்குப் போடும் நீண்ட வயதுள்ள மோட்டா ரகம், இட்லிக்கு ஏற்றது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று ரகம் ரகமாகக் கொடுத்திருக்கிறது. வயது, மகசூல், சாயாத தன்மை, பூச்சி தாங்கும் திறன் எல்லாம் சொல்கிறார்கள். ரசம் தாங்கும் திறன் என்றொரு பத்தி சேர்த்தால் உண்பவர் உலகம் கடமைப்பட்டிருக்கும்.

இனி அடித்தளம். மகன் ஆர்வமாகத் தோண்டினான். இலை பச்சையாகத் தெரியும்வரை தோண்டினான். மாமா எட்டிப் பார்த்தார். "டேய் தம்பி, அடியில கொஞ்சம் சோறு கெடக்கட்டும். இலை தெரிஞ்சா அடியோட போயிரும்." போயிற்று. சாம்பார் கரையைத் தாண்டி வழியவில்லை. கரைக்கு அடியில், இலையின் வழவழப்பில் நுழைந்து, கரையையே தூக்கிக்கொண்டு நகர்ந்தது. அணை மேலே வழியாமலே அடியில் கசிந்தும் போகும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த சேதி. கல்லணையைக் கட்டியவர்கள் கெட்டித் தரை தேடி ஆற்றுக்குள் இறங்கவில்லை. மணலிலேயே பாறையைப் போட்டார்கள். அது புதையப் புதைய அதன்மேல் பாறையைப் போட்டார்கள். ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை ஆங்கிலேயப் பொறியாளர் காட்டன் துரை கற்றது அங்கேதான். அதை வைத்துத்தான் 1836இல் கொள்ளிடத்தின் மேலணையும் கீழணையும் எழுந்தன. மாமா காட்டனைப் படித்தவர் அல்லர். இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே.

இது தொடர்பான நூற்பா:

குழிக்குக் கரைசோறே கூட்டன்று சாம்பார்
வழியுமுன் கையால் மறி.

இதன் பொருள்: குழிக்குச் சோறே கரையாகும், கூட்டு ஆகாது, சாம்பார் வழிவதற்கு முன்பே கையால் தடுத்துவிடுக. 'கூட்டன்று' என்றமையால், உடைப்பு எடுத்ததும் மேல்பாதியிலிருந்து கூட்டை இழுத்து வந்து அணைகொடுக்கும் சென்னை வழக்கம் விலக்கப்பட்டது. உருளைக்கிழங்கால் அடைக்கலாமோ எனின், அடைக்கலாம். அது வெள்ளக் காலத்து மணல்மூட்டை என்க. இதை இயற்றியவன் யானே. முன்னோர் இயற்றாமல் போனதால் வேறு வழி இருக்கவில்லை.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அதற்குள் வாய்க்கால்களைத் தூர்வாரி முடித்திருக்க வேண்டும். தண்ணீர் வந்தபிறகு பொக்லைன் இறங்குகிறது என்பது டெல்டாவில் ஆண்டு தவறாமல் கேட்கிற புகார். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். என் மகள் நிலையும் அதுதான். நெய் விட்ட பருப்பிலிருந்து சீரகத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குழி இன்னும் தொடங்கவில்லை. வாளி வந்துவிட்டது.

வாளியை நிறுத்துவது தனிக் கலை. மேட்டூரில் மூடினாலும் ஆற்றில் கிளம்பிவிட்ட தண்ணீர் கல்லணைக்கு இரண்டு மூன்று நாள் வந்துகொண்டுதான் இருக்கும். அதுபோல 'போதும்' என்ற சொல் நம் வாயிலிருந்து புறப்பட்டுப் பரிமாறுகிற அண்ணனின் மணிக்கட்டைப் போய்ச் சேர ஒரு கரண்டி நேரம் பிடிக்கிறது. இது தெரிந்தவர்கள் முதல் கரண்டி சாயும்போதே போதும் என்பார்கள். இவர்களுக்கு இது தெரியும் என்பது அண்ணனுக்கும் தெரியும். ஆகவே ஒரு கரண்டி கூடவே விடுவார். தஞ்சைப் பக்கத்தில் வாயால் சொல்லும் 'போதும்' உபசாரத்துக்குச் சொல்வதாகவே கொள்ளப்படும். ஐந்து விரலையும் விரித்து இலைக்குமேல் கவிழ்த்தால்தான் மதகு சட்டப்படி அடைபட்டதாகக் கணக்கு. என் மனைவி அப்படிக் கவிழ்த்தாள். விரலிடுக்கில் ஒரு முருங்கைக்காய் விழுந்தது.

இதற்குள் நீர்த் தகராறு முற்றிவிட்டது. இடம் போதாமல் இலைகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். மகன் இலையின் ஓரம் மகள் இலைமேல் ஏறிக் கிடந்தது. அடியோடு பெயர்ந்த சாம்பார் எல்லை தாண்டியது. காவிரி வழக்கில் மேலே இருப்பவர் விடமாட்டேன் என்பார், கீழே இருப்பவர் விடு என்பார். இங்கே மேலே இருந்தவன் தாராளமாக விட்டான், கீழே இருந்தவள் வேண்டாம் என்று அலறினாள். 1892இலும் 1924இலும் ஒப்பந்தம் போட்டது, 1990இல் நடுவர் மன்றம் அமைத்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது, அதில் சொன்ன 192 டி.எம்.சி.யை 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது என்று நான் முன்வரலாற்றைத் தொடங்கினேன். ஆணையம் என் மனைவி வடிவில் குறுக்கிட்டது. "எல்லாரும் வாய மூடிட்டு சாப்பிடுங்க." வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்ற சட்டச் சிக்கலை எழுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. மேல்முறையீட்டுக்கும் இடமில்லை.

மெஸ் சாப்பாட்டின் அறிவு உச்சம் ரசம். சாம்பார் வரைக்கும் எவரும் தம்மைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பருப்பின் கனம் உண்டு. ஓரளவு தானே நிற்கும். ரசம் தண்ணீரின் வேகமும் மிளகின் கோபமும் சேர்ந்தது. இதை எதிர்கொள்வதில் இரு பள்ளிகள் உண்டு. சோற்றை முதலிலேயே குழையப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வோர் ஒரு சாரார். இது பத்திரமானது, பெருமை இல்லாதது. நாலு பக்கமும் வட்டமாகக் கோட்டை கட்டுவோர் மற்றொரு சாரார். நான் கோட்டைக்காரன். ஊற்றிய மறுகணம் கோட்டைக்குள் சோறு மிதந்தது.

மாமா வட்டம் கட்டவில்லை. தன் பக்கம் மட்டும் பிறைபோல் ஒரு கரை போட்டார். தண்டுப் பக்கம் திறந்தே கிடந்தது. விட்ட ரசம் மேட்டுக்கு ஏற முடியாமல், கரையில் வந்து சாய்ந்து, அப்படியே நின்றது. ஒரு சொட்டு நகரவில்லை. "ஏரிக்கு நாலு பக்கமுமா மாப்ளே கரை போடுவாங்க? பள்ளத்துப் பக்கம் போட்டா போதாதா?" சோறு பாதி மிச்சம், அந்தப் பாதியை மோருக்கு ஒதுக்கியிருந்தார். இந்த ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே. கண்டுபிடித்தவர் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு துணைக் கண்டுபிடிப்பும் உண்டு. உள்ளே நுழைந்ததும் நாங்கள் மின்விசிறியைத் தேடி உட்கார்ந்தோம். மாமா மட்டும் அடுக்களை வாசலை ஒட்டிய நாற்காலியை, வேர்க்குமே என்று நாங்கள் சொல்லச் சொல்ல, பிடித்துக்கொண்டார். ஏன் என்பது வற்றல்குழம்பு வந்தபோது விளங்கியது. வாளி அவரிடம் தொடங்கி என்னிடம் முடிந்தது. சுண்டைக்காய் எல்லாம் தலைமடையில் இறங்கிவிட்டது. எனக்கு வந்தது நிறம். "கடைசில உக்காந்தா என்ன வரும்னு எனக்குத் தெரியும்ல" என்றார், சிரிக்காமல். கடைமடைக்காரருக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாழ்நாளில் இப்படி எங்காவது மெஸ்ஸில்தான் கிடைக்கிறது.

எஞ்சியிருந்தது பாயசம். துறையின் தீராத சிக்கல் இதுதான்: அது வரும்போது கரை கட்டச் சோறு இருக்காது. பெரும்பாலோர் அதைக் கிண்ணத்தோடு குடித்துச் சமாளிக்கிறார்கள். அது ஆய்வாளருக்கு அழகன்று. மாமா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பளத்தை நொறுக்கி இலையில் ஏதோ ஒரு கோணத்தில் பரப்பத் தொடங்கினார். என்ன கோணம் என்று குனிந்து பார்த்தேன். என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி வெகுநேரமாக நின்றுகொண்டிருந்த ஒருவர் தோளைத் தொட்டார். "சார், முடிச்சிட்டீங்கன்னா எந்திரிங்க. இவுங்கெல்லாம் நின்னுக்கிட்டே இருக்காங்க."