போடப் போட நிறையாத பெட்டி: ஓர் அளவையியல் ஆய்வு

எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்று மணிமேகலையிடம் இருந்தது. அதைப் பற்றித் தமிழாய்வுலகம் வேண்டிய அளவு எழுதிவிட்டது. போடப் போட நிறையாத பெட்டி ஒன்று இன்று ஆயிரம் ரூபாய்க்குள் கூரியரில் வாசலுக்கே வருகிறது. அதைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வேடும் எழவில்லை. அக்குறை நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். ‘16 டிபி எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி’ என்று முதுகில் அச்சிட்ட, உள்ளங்கையில் அடங்கும் பொருளே ஆய்வெல்லை. வெளியே 64 ஜிபி என்று எழுதி உள்ளே எட்டை வைத்துக் கொடுக்கும் பென் டிரைவ்கள் சிறுதெய்வ வகையின. அவை இவண் ஆராயப்பெறவில்லை.

முதற்கண் வரலாறு. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டுப் பெட்டி ஏறக்குறைய ஒரு டன் எடை. ஐம்பது தட்டுகள் சுழன்று 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அந்த இடம் பற்றாது. சட்டைப்பையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க் 6 டிபியைத் தொட 2024 ஆயிற்று. 8 டிபி எஸ்எஸ்டியும் உண்டுதான். அந்த விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் எடுக்கலாம். பெரிய கம்பெனிகள் எல்லாம் மூச்சிரைக்க ஓடி ஆறிலும் எட்டிலும் நிற்க, பெயர் தெரியாத கம்பெனி பதினாறில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறது. இது காலமுறைக்கு ஒவ்வாது என்பர் ஒருசாரார். ‘ஆஃபர்’ என்பர் மறுசாரார்.

இனி அகழாய்வு. இத்தகைய பெட்டிகளைப் பிளந்து பார்த்தோர் உள்ளே கண்டவை ஒரு சிறு யுஎஸ்பி பலகையும் அதில் செருகிய மைக்ரோ எஸ்டி கார்டும். மீதி காற்று. 2011இல் சீன எல்லையை ஒட்டிய ரஷ்யப் பழுதுபார்ப்புக் கடை ஒன்றுக்கு 500 ஜிபி டிஸ்க் வந்த கதை இத்துறையில் ஆதிகாவியம். உள்ளே 128 எம்பி பென் டிரைவ். கனம் தெரிவதற்காகப் பக்கத்தில் ஒட்டிய இரண்டு நட்டு. வாங்கியவரின் புகார்தான் அருமை: எந்தப் படத்தைப் போட்டாலும் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் ஓடுகிறது.

இதன் தத்துவப் பின்புலம் ஆழமானது. பெட்டிக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு சில்லு உண்டு. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணினி கேட்டால் பதில் சொல்வது அதுதான். அதன் ஃபர்ம்வேரை மாற்றி எழுதி, 64 ஜிபி இருக்கும் இடத்தில் 16 டிபி என்று சொல்லவைத்திருக்கிறார்கள். கணினி அப்பாவி, நம்பிவிடுகிறது. உண்மை இடம் தீர்ந்தபின் நடப்பதில்தான் இரு மரபுகள் பிரிகின்றன. சுழல்வாதிகள், தொடக்கத்துக்குத் திரும்பிப் பழையதன் மேலேயே புதியதை எழுதுவர். சூனியவாதிகள், வந்ததை எங்கும் எழுதாமல் ‘எழுதியாயிற்று’ என்று மட்டும் சொல்வர். இரண்டிலும் ஃபைல் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். பெயர் இருக்கும், அளவு இருக்கும், தேதி இருக்கும், திறந்தால் ஒன்றும் இராது. கல்யாண வீடியோவைச் சுழல்வாதியிடம் கொடுத்த தம்பதிக்கு நிச்சயதார்த்தம் போகும், முகூர்த்தம் போகும், கடைசிப் பந்தி மட்டும் முழுசாகக் கிடைக்கும். அதையும் முதல் கல்யாண நாளில்தான் அறிவர். அதற்குமுன் யார் திறந்து பார்க்கிறார்கள்?

இப்பொய் ஏன் பிடிபடுவதில்லை என்பதற்கு இவ்வாய்வாளன் ஒரு கணக்கு முன்வைக்கிறான். இவ்வகைப் பெட்டிகளுள் பல, செருகி நீல நிறத்தில் இருந்தாலும், யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் இயங்குகின்றன. நொடிக்கு 30 எம்பி என்று கொள்வோம். 16 டிபியை நிரப்ப இரவு பகல் நிறுத்தாமல் ஆறு நாளும் நான்கு மணி நேரமும் ஆகும். பொருளைத் திருப்பித் தரும் கெடுவோ பல இடங்களில் ஏழு நாள். பொய் முழுவதும் நாம் தொடாத இடத்தில் குடியிருக்கிறது. வாங்கியவர் நாலு பாட்டும் குழந்தையின் போட்டோவும் ஏற்றி, சரியாக ஓடக் கண்டு, அன்றிரவே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்.

அந்த நட்சத்திரங்களை மூலபாட ஆய்வுக்கு உட்படுத்தலாம். மதிப்புரைகளில் இடைச்செருகல் மிகுதி. டிரைவின் கீழே ‘கைக்கு அடக்கமாக இருக்கிறது, மாவு நன்றாக அரைகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அது வேறொரு பொருளின் பக்கமாயிருந்து பின்னர் டிரைவாக மாறியது என்க. பெயரில் ஓரெழுத்து பிறழ்ந்த பிராண்டுகள் பாடபேதம் எனப்படும். ஹார்ட் டிஸ்கைப் பொறுத்தவரை மூலபாடம் மூன்றே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மேலுறையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே சுழலும் புது டிஸ்க் இம்மூன்றில் ஒன்றே. நாலாவதாக ஓர் உற்பத்தியாளர் உலகில் இல்லை.

கள ஆய்வு சென்னை ரிச்சி தெருவில். அங்கே வழங்கும் ‘செக்கிங் வாரண்டி’ தனிக் கட்டுரைக்கு உரியது. கடையில் செருகிப் பார்த்து விளக்கு எரிந்தால் வாரண்டி நிறைவேறிவிட்டது. நல்ல 1 டிபி டிஸ்கில் கணினி 931 என்று காட்டுவதால், ‘மீதி 69 எங்கே அண்ணே?’ என்று சண்டைக்கு நிற்பவர்களை அங்கே காணலாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. யாரும் எதையும் திருடவில்லை. இந்த 69க்காகக் குரல் உயர்த்துபவர் 16 டிபிக்கு முன்னால் வாய் திறவாமை வியப்பே.

சோதனை முறைகள் உள. ஜெர்மானியக் கணினி இதழான c’t-இலிருந்து வந்த எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கான எஃப்3 ஆகிய இலவச நிரல்கள் பெட்டியை விளிம்புவரை எழுதி நிரப்பித் திரும்பப் படிக்கும். அவசரக்காரர்க்கு நிரலாளர் ஸ்டீவ் கிப்சன் 2023இல் செய்த வாலிடிரைவ் உண்டு. அது முதலிலிருந்து கடைசிவரை 576 இடங்களைத் தொட்டுப் பார்க்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கொள்கை இங்கே செல்லாது. மேலாக நாலு பிடி நன்றாக வெந்திருக்கும், அதன் கீழ் பானையே இருக்காது.

அசல் வாங்கினால் கவலையில்லை என்பது மற்றொரு மயக்கம். லட்சக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் வெளியிடும் கணக்கின்படி, ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு போகத்தான் செய்கின்றன. அதுவும் குளிரூட்டிய அறையில். மேசை விளிம்பிலிருந்து விழுவது அக்கணக்கில் இல்லை. ஆகவே பில்லோடு வாங்குக. சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் சரிபார்க்க. இரண்டு வாங்கி, ஒன்றை அக்கா வீட்டில் வைக்க.

பொய்யென்று தேறிய பெட்டியை என் செய்வது? பணம் திரும்பினால் நன்று. திரும்பாவிடில் எஃப்3 தொகுப்பிலேயே ஒரு நிரல் உண்டு. அது உள்ளே உண்மையில் இருக்கும் 64 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுத் தரும். காரில் பாட்டுக் கேட்க அது போதும். முதுகில் உள்ள லேபிளை மட்டும் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் விருந்துக்கு வரும் மச்சான் பார்த்துவிட்டு, லிங்க் அனுப்பச் சொல்வார்.