சொகுசு வாகன சேவை நிலையத்தாருக்கு ஒரு விஞ்ஞாபனம்

கனம் பொருந்திய நிர்வாகஸ்தர் அவர்கள் சமூகத்துக்கு,

இடுக்கி ஜில்லா, தேவிகுளம் தாலுகா, காந்தலூரில் பூண்டும் பழமரமும் பயிரிட்டு ஜீவிப்பவனும், தங்கள் கம்பெனியின் சொகுசு எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கியதன் மூலம் தங்களுக்கு ஆயுள்பரியந்தம் கப்பம் கட்டும் பாக்கியம் பெற்றவனுமாகிய அடியேன், அநேக வந்தனங்களுடன் தெரிவித்துக்கொள்வது.

மேற்படி வாகனத்தில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பெடல் காலுக்கடியில் விட்டுவிட்டு உதைப்பதையும், ஸ்டியரிங் கையில் நடுங்குவதையும் தொலைபேசி வாயிலாக முறையிட்டபோது, தங்கள் உத்தியோகஸ்தர் மிகுந்த மரியாதையுடன், "வண்டியைக் கொண்டுவாங்க சார், பார்த்துடலாம்" என்று அருளினார். பிரேக்கில் சந்தேகமுள்ள வாகனத்தை, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்பொருட்டே, மறையூர் வரை கொண்டை ஊசி வளைவுகளிலும், அப்பால் யானைகள் முன்னறிவிப்பின்றிக் குறுக்கே வந்து நிற்கும் சின்னார்க் காட்டு வழியிலும் ஓட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாட்டின் தர்க்க அழகை நான் பலகாலும் சிந்தித்து வியந்திருக்கிறேன். வந்து சேர்ந்துவிட்டால் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறதென்று நிரூபணமாகிவிடும். வந்து சேராவிட்டால் புகார்தாரர் ஒருவர் குறைந்துவிடுவார். எவ்விதத்திலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை.

தெய்வ கிருபையாலும் இரண்டாம் கியரின் தயவாலும் நான் வந்து சேர்ந்தேன். குளிரூட்டிய அறையில் அமரவைத்து, நுரை பொங்கும் காப்பி கொடுத்து உபசரித்த தங்கள் ஆலோசகர், ஒரு சக்கரத்தையேனும் கழற்றாமல், கையிலிருந்த டேப்லெட்டை இரண்டு தரம் தடவிவிட்டு, நான்கு டிஸ்க்குகளையும், அனைத்து பேடுகளையும், அவற்றின் தேய்மானத்தைச் சொல்லும் சென்ஸார்களையும் ஏககாலத்தில் மாற்றவேண்டும் என்று ஓர் எஸ்டிமேட் தயாரித்தார். அதன் மொத்தத் தொகைக்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல போகத்துப் பூண்டை விற்றாக வேண்டும். வாரண்டி உண்டா என்று வினவினேன். இவை தேய்மானப் பொருள்கள், ஆகையால் இல்லை என்றார். இத்தனை சீக்கிரம் தேய்ந்த காரணம் யாதென்று வினவினேன். "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்" என்றார்.

என் ஓட்டும் பாணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் அதை வகுத்தவன் நானல்லன். காந்தலூருக்கும் மறையூருக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 500 மீட்டர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இரண்டரை டன்னாகும் ஒரு வாகனம் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஓட்டுபவர் சாதுவாயினும் முரடராயினும் இந்தக் கணக்கில் ஒரு சொட்டும் கூடுவதில்லை, குறைவதில்லை. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். அவ்வாறன்றி காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால், அவ்வளவும் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள நான்கு வார்ப்பிரும்புத் தட்டுகளின் தலையில் விடியும். மறையூரில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் கொப்பரையை எப்போது அடுப்பிலிருந்து இறக்கவேண்டும் என்று பதம் பார்க்கிறார்கள். தங்கள் வாகனத்திலோ அடுப்பு எரிவதே ஓட்டுபவருக்குத் தெரியாதபடி அத்தனை நிசப்தம், அத்தனை சுகம்.

எங்கள் ஊர் ஜீப் ஓட்டிகள் ஏறின கியரிலேயே இறங்கவேண்டும் என்ற ஒரே சாஸ்திரத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். தாங்கள் வாகனத்தை ஒப்படைத்த சுபதினத்தில் எனக்கு மாலையிட்டீர்கள், கேக் வெட்டச் சொன்னீர்கள், உட்புற விளக்கு எத்தனை வர்ணங்களில் மாறும் என்பதை அரைமணி நேரம் விளக்கினீர்கள். தானியங்கிக் கியரைக் கையால் தாழ்த்தும் விதத்தை மட்டும் எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. மலையிறக்கத்துக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதுவும் அந்தப் பிரேக்கைத்தான் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. 2023ஆம் ஆண்டு மத்திய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டியில் காந்தலூருக்குத் தங்க விருது அளித்ததிலிருந்து தங்கள் வாடிக்கையாளர்கள் விடுமுறைதோறும் திரளாக எழுந்தருளுகிறார்கள். அவர்கள் இறங்கும் மாலைகளில் மலையடிவாரத்தில் வீசுவது மறையூரின் சந்தன வாசனையல்ல, பேட் கருகும் நாற்றம்.

எஸ்டிமேட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் உடுமலைப்பேட்டையில் பெயர்ப்பலகை வெளுத்துப்போன ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். அங்கிருந்த மெக்கானிக் காப்பி கொடுக்கவில்லை, சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கின் ஓரத்தில் துருவைத் துணியால் துடைத்து, அங்கே பொறித்திருந்த சிற்றெழுத்துக்களை எனக்கு வாசித்துக் காட்டினார்: முன் தட்டுக்குக் குறைந்தபட்சக் கனம் 28.4 மில்லிமீட்டர், பின் தட்டுக்கு 18.4. பிறகு மைக்ரோமீட்டரை வைத்துச் சுற்றிலும் பல இடங்களில் அளந்தார். முன் தட்டுகள் 28.1, ஆயுள் முடிந்தது. பின் தட்டுகள் 19.5, தாராளமாக ஓடும். முன் தட்டில் நீலம் பாரித்திருந்த திட்டுகளைக் காட்டி, சூட்டில் பேடின் பொருள் ஒரே சீராக ஒட்டாமல் அங்கங்கே ஒட்டியதால் கனம் மாறி, அதுவே பெடலை உதைக்கிறது என்றார். புதுத் தட்டை மாட்டுமுன் ஹப்பின் முகத்துத் துருவைச் சுரண்டாவிட்டாலும், வீல் போல்ட்டுகளை ஒவ்வொன்றை ஒவ்வொரு பலத்தில் முறுக்கினாலும், தட்டு இம்மியளவு கோணி நின்று சில ஆயிரம் கிலோமீட்டரில் இதே நடுக்கம் திரும்ப வரும் என்றும் எச்சரித்தார். கடைசியாகப் பிரேக் ஆயிலைச் சோதித்தார். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி உஷ்ணம் வரை கொதிக்கலாகாது. காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் 155 டிகிரி தாங்கினால் போதும் என்று விதியே தளர்ந்துவிடுகிறது. மேகம் வீட்டுக்குள் நுழைந்துபோகும் எங்கள் ஊரில் இது அற்ப விஷயமல்ல. தங்கள் எஸ்டிமேட்டில், திராட்சைக் கொத்தாய்த் தொங்கிய அத்தனை வரிகளுக்கு நடுவில், பிரேக் ஆயிலுக்கு மட்டும் ஒரு வரி இல்லை.

மறையூர் டிப்போவில் சந்தனக் கட்டையை நிறுத்துப் பார்க்காமல் ஏலத்தில் ஏற்றுவதில்லை; சந்தையில் பூண்டை நிறுக்காமல் கிரயம் பேசுவதில்லை. தொட்டதையெல்லாம் அளந்து பழகிய ஜனங்களாகிய எங்களுக்கு, அளக்காமலே விலை சொல்லும் ஞானதிருஷ்டி வாய்த்த தங்கள் ஆலோசகரைக் கண்டு ஏற்பட்ட பக்தி சொல்லில் அடங்காது.

தங்களைப் போன்றோரின் பெருமை சர்க்காருக்குத் தெரியாததல்ல. உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிட்டாதபடி செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 மோட்டார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே மத்திய அரசு ஓர் இணையதளத்தையும் திறந்தது. ஆயினும் நான் வழக்காடும் நோக்கமுடையவனல்லன். என் பிரார்த்தனைகள் மிகச் சிறியவை. எஸ்டிமேட் எழுதுமுன் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஒவ்வொரு தட்டின் கனத்தையும், அதன் ஓரத்தில் தங்கள் கம்பெனியே பொறித்துவைத்த குறைந்தபட்சக் கனத்தையும் அருகருகே எழுதிக் கொடுங்கள். மலையில் குடியிருப்பவருக்கு வாகனம் விற்கும் நாளில், கேக் வெட்டும் கத்தியைச் சற்றே கீழே வைத்துவிட்டு, கியரைத் தாழ்த்தக் கற்றுக்கொடுங்கள். பிரேக்கைப் பற்றிப் புகார் செய்பவரிடம் பிரேக்கை நம்பி இறங்கி வரச் சொல்லாமல், ஓர் ஆளையேனும் ஏற்றி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தங்கள் தேய்மானப் பொருள்களுள் ஒருவன்.

பி.கு.: இக்கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கையில் தங்கள் ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து, கம்பெனியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் கேள்விகளுக்குப் பத்துக்குப் பத்துப் போடவேண்டும், ஒன்பது போட்டாலும் தம் உத்தியோகத்துக்கு ஆபத்து என்று மன்றாடினார். ஒரு மதிப்பெண் குறைவதை இவ்வளவு நுட்பமாக அளக்கும் ஸ்தாபனத்திடம் மைக்ரோமீட்டர் இல்லாதிருக்காது. அதை ஒரு முறை டிஸ்க்கிலும் வைத்துப் பாருங்கள், பத்தை நான் சந்தோஷமாகவே போடுகிறேன்.