மொட்டைமாடி ஆலோசனை

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளும் வெளிவந்தன. அரசாங்க வேகத்துக்கு இது அதிசயம்தான்.

மனநல ஆலோசனை கைப்பேசிக்குக் குடிபெயர்ந்தது. ஆலோசகரின் முதல் கேள்வி: "தனியாத்தான் இருக்கீங்களா?" இரண்டு அறை, ஆறு பேர் இருக்கும் வீட்டில் என்ன பதில் சொல்வது! மாமியாரைப் பற்றிப் பேச வந்த மருமகள், அடுக்களையில் அவர் குக்கர் விசில் எண்ணுவதைக் கேட்டபடி, "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றார். மறுவாரம் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி நிழல். அழுகை முட்டும்போது சிக்னல் போனது.

ஃபிராய்டும் நோயாளியின் கண்ணில் படாமல், சாய்மெத்தைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கேட்டார். வீடியோவை அணைத்தால் அதே சௌகரியம்.

2022 அக்டோபரில் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் வந்தது. 14416, இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும். மாடிச் சாவி மட்டும் இன்னும் மாமியார் இடுப்பில்.