பூக்கடை கட்டும் கப்பம்

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள். கூகுளும் அதையேதான் சொல்கிறது: எங்கள் தேடல் தரமானது, மக்கள் தாமாகவே தேடி வருகிறார்கள். ரொம்ப நல்லது. அப்படியானால் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலரைப் போன் கம்பெனிகளுக்கும் பிரவுசர் கம்பெனிகளுக்கும் எதற்காக வாரி இறைத்தது? போனைத் திறந்ததும் தேடல் பெட்டியில் தன் பெயரே நிற்க வேண்டும் என்பதற்காக. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. தேடலில் கூகுள் சட்டத்தை மீறி ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பெழுதினார். 2025 செப்டம்பரில் பரிகாரமும் சொன்னார்: அடுத்தவனைச் சேர்க்காதே என்று ஒப்பந்தம் போடக் கூடாது, பணம் கொடுப்பது தொடரலாம். தப்பு நிரூபணமாகிவிட்டது, வியாபாரம் நடக்கட்டும்!

இந்தக் கப்பத்தில் பெரும் பங்கு யாருக்கு? 2022-இல் மட்டும் சுமார் 2,000 கோடி டாலர் வாங்கியது ஆப்பிள். ஊரெங்கும் பேனர் கட்டி அந்தரங்கத்தின் பெருமை பேசும் அதே ஆப்பிள்தான். சஃபாரியில் நாம் தேடுவதால் வரும் விளம்பர வருமானத்தில் 36 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது என்று கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். காவல்காரனும் கமிஷன்காரனும் ஒரே ஆள். நம்மூர்ப் பிள்ளை அமெரிக்காவில் கொடி நாட்டியிருக்கும்போது இதையெல்லாம் பேசுவது மரியாதையாக இருக்காது, விட்டுவிடுவோம்.

அந்தப் பெட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது? டாக்டரிடம் குடிப்பழக்கத்தை மறைப்பவர்கூடத் தேடல் பெட்டியிடம் பொய் சொல்வதில்லை. தள்ளிப்போன நாள், மார்பில் தட்டுப்பட்ட கட்டி, நகைக்கடன் வட்டி, விவாகரத்து வக்கீல் என்று எல்லாவற்றையும் வீடு தூங்கிய பிறகு அதனிடம்தான் கொட்டுகிறோம். பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்தால் போயிற்று என்று நினைத்த ஏஓஎல் கம்பெனி, 2006-இல் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை வெளியே விட்டது. தேடிய சொற்களை மட்டுமே வைத்து நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாட்களில் ஓர் அம்மாளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் எதற்கு? கேள்விகளே முகவரி சொல்லும்.

“நான் இன்காக்னிட்டோவில் போகிறேனே” என்கிறீர்களா? தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட அந்தப் பொம்மை இருந்தால் தடம் பதியாது என்று நம்பியவர்கள் 2020-இல் வழக்குப் போட்டார்கள். அப்போதும் கூகுள் பின்தொடர்கிறது என்பது புகார். 2024-இல் சமரசம்: கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் சம்மதித்தது. இல்லாத பதிவை எப்படி அழிப்பார்கள் என்று கேட்காதீர்கள். நம்பிக் கெட்டவர்களுக்கு நஷ்டஈடாக அந்தச் சமரசத்தில் சல்லிக்காசு இல்லை.

சரி, வேறு தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாமே? தாராளமாக. அந்த உரிமையையும் அவர்களே வழங்கியிருக்கிறார்கள். 2018-இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் போட்ட பிறகு, அங்கே ஆண்ட்ராய்டு போனில் ‘நீங்களே தேர்ந்தெடுங்கள்’ என்று ஒரு திரை வந்தது. அந்தத் திரையில் இடம் பிடிக்கப் போட்டியாளர்கள் ஏலம் கேட்க வேண்டும் என்றது கூகுள். ஏலப் பணம் யாருக்கு? கூகுளுக்கேதான்! ஆளைத் துருவித் துருவிச் சம்பாதிப்பவனால் கூடுதலாக ஏலம் கேட்க முடியும்; துருவாதவன் வெளியே நிற்க வேண்டும். ஊர் சிரித்த பிறகு 2021-இல் ஏலத்தைக் கைவிட்டார்கள்.

இந்தியாவிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மறு ஜனவரியில், புதுப் போனில் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும் என்று கூகுள் அறிவித்தது. அந்தத் திரைக்கு என்ன கதி என்று பார்க்க மொபைல் கடைக்குப் போக வேண்டும். “அண்ணே, ஜிமெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டபடியே கடைப் பையனின் கட்டைவிரல் அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து என்று ஓடுகிறது. டெம்பர் கிளாஸ் ஒட்டி முடிப்பதற்குள் உங்கள் சம்மதம் முழுவதும் வாங்கியாகிவிட்டது. பையன்மேல் தப்பில்லை, அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். ஆணையத்தின் நீண்ட விசாரணையும் அபராதமும் ஒரு கட்டைவிரலின் கீழ் நசுங்கியதுதான் மிச்சம்.

மாற்று என்று வருகிறவர்களும் முற்றும் துறந்த முனிவர்கள் அல்லர். டக்டக்கோ தேடியவர் யார் என்று குறித்துவைப்பதில்லை. ஆனால் அதன் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட்டின் பிங் தருவது. 2024 மே மாதம் பிங் படுத்தபோது அதுவும் படுத்தது. அதன் பிரவுசர், ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு மைக்ரோசாஃப்ட்டின் சில டிராக்கர்களை மட்டும் உள்ளே விட்டது 2022-இல் அம்பலமானது. ஸ்டார்ட்பேஜ் நம் அடையாளத்தை மறைத்து கூகுள் முடிவுகளை வாங்கித் தருகிறது. 2019-இல் அதில் பணம் போட்டது ஒரு விளம்பரக் கம்பெனியின் கிளை. பிரேவும் மோஜீக்கும் சொந்தமாக இணையத்தைத் துழாவி அட்டவணை வைத்திருக்கின்றன. மோஜீக்கின் அட்டவணை சிறியது. கூகுளின் விளம்பரத் துறையையே நடத்திய, சென்னை ஐஐடியில் படித்த ஸ்ரீதர் ராமசாமி, விளம்பரமே இல்லாத நீவாவை 2021-இல் திறந்து 2023-இல் மூடினார். தேடுபொறி கட்டுவதைவிட, இருப்பதை மாற்றிக்கொள்ள மக்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம் என்பது மூடும்போது சொன்ன காரணம்.

நம் நாட்டில் கொஞ்சம் கூடுதல் விசேஷம். 2020 ஜூலையில் டக்டக்கோ இங்கே பல நெட்வொர்க்குகளில் சில நாட்கள் முடங்கியது. எல்லாவற்றையும் குறித்துவைக்கிறவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை, குறித்துவைக்காதவனுக்குத்தான் கதவடைப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு வழி வைத்திருக்கிறது. வேலியைப் போட்டவரே கேட்டுக்கு மாற்றுச்சாவியும் வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில், “எனக்கு மறைக்க என்ன சார் இருக்கு?” என்று ஒரு குரல். பெண் பார்க்க வந்த இடத்தில் வீட்டுக் கடனை மறைத்தவர்தான் இப்படிக் கேட்கிறார்.

குறையில்லாத தேடுபொறி வரட்டும் என்று காத்திருப்பவர் கடைசிவரை பழைய இடத்திலேயே இருப்பார். இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து டக்டக்கோ, பிரேவ், ஸ்டார்ட்பேஜ் ஏதாவது ஒன்றை வையுங்கள். நோயையும் கடனையும் தேடுவதற்காவது அதைப் பயன்படுத்துங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். கோடிக்கணக்கான பேர் தனித்தனியே செட்டிங்ஸைத் தோண்டித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அயோக்கியத்தனம். சேகரிக்காமல் இருப்பதே விதியாக இருக்கட்டும். வேண்டுமென்றால் அவர்கள் வந்து நம்மிடம் கேட்கட்டும். அப்படி ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி, ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்.