மாநகரப் பேருந்தில் பணம் கைமாறும் முறை

சென்னைக்குப் புதிதாக வந்தவரிடம் முதலில் எது கண்ணில் பட்டது என்று கேட்டால் மெரினா என்பார், மெட்ரோ என்பார், எல்.ஐ.சி. கட்டடம் என்பார். அவையெல்லாம் பார்த்தால் போதும். ஊர் அவரை முதன்முதலாக ஒரு வேலைக்குக் கூப்பிடுவது மாநகரப் பேருந்துக்குள்தான். தோளில் யாரோ தட்டுகிறார்கள். திரும்பினால் முன்பின் தெரியாத ஒரு கை, அதில் மடித்த இருபது ரூபாய் நோட்டு. "ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க." இந்தச் சிறு செயல் விரிவான ஆராய்ச்சிக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தென்மாவட்டப் பேருந்துகளில் கண்டக்டர் பயணியைத் தேடி வருவார். சென்னையில் அவர் பின்வாசலை ஒட்டிய தம் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்; பணம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். காரணம் சோம்பல் அல்ல. காலை எட்டரை மணிக்குப் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் ஒருவர் முன்வாசல்வரை நடந்து திரும்புவது ஆகாத காரியம். நிறுத்தங்கள் நெருக்கமானவை. அடுத்த ஸ்டேஜுக்குள் ஏறியவர்கள் அனைவருக்கும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும். இடையிடையே படியில் தொங்குபவரை உள்ளே வரச்சொல்லி விசிலும் ஊத வேண்டும். அவர் நகர முடியாத இடத்தில் பயணிகள் தங்கள் கைகளை வரிசையாக நீட்டித் தருகிறார்கள். 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி, இன்று மாநகர் போக்குவரத்துக் கழகமாக ஓடும் நிறுவனத்தின் வேலையில் ஒரு பகுதியைச் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள் இவர்கள்.

தொல்காப்பியர் வகுத்த முறையில் இதற்கும் இலக்கணம் காணலாம். முதற்பொருளில் நிலம், டிரைவர் இருக்கைக்கும் பின்வாசலுக்கும் இடைப்பட்டது. சிறுபொழுது, அலுவலகம் கூடும் நேரமும் விடும் நேரமும். பெரும்பொழுது ஐப்பசி மழைக்காலம். ஜன்னல்களை இறக்கி, ஈரக் குடையை அடுத்தவர் காலில் படாமல் பிடித்தபடியே நோட்டை நனையாமல் அனுப்பும் திறமை அப்போதுதான் வெளிப்படும். கருப்பொருள்கள் சில்லறை, டிக்கெட், விசில், தோல்பை, சாப்பாட்டுக்கூடை. உரிப்பொருள், கைமாற்றுதலும் கைமாற்றுதல் நிமித்தமும்.

செயலைக் கிட்டத்தில் பார்ப்போம். அனுப்புகிறவர் நாணயத்தை நோட்டுக்குள் வைத்து மடிக்கிறார். பிரிந்து போனால் கணக்கு கெடும். பணத்தோடு இடப்பெயரும் பயணம் செய்கிறது. "ரெண்டு லஸ்" என்று முதல் கை சொன்னதை இரண்டாம் கை திருப்பிச் சொல்ல, மூன்றாவது கை கண்டக்டருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறது. திரும்பும் பயணம் இதைவிடக் கடினம். டிக்கெட் விரலிடுக்கில், மீதிச் சில்லறை உள்ளங்கையில். அதற்கு உரியவர் யார்? நடுவில் நிற்கிறவர் கேட்பதில்லை. தமக்குக் கொடுத்த கை எதுவோ அதனிடமே கொடுக்கிறார். முழு வழியை ஒருவரும் அறியார். ஒவ்வொருவருக்கும் தமக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவே நினைவிருந்தால் போதும், டிக்கெட் வீடு சேர்ந்துவிடும். இடையில் பேருந்து பிரேக் போட்டு நாணயம் கீழே விழுந்தால், அந்த நெரிசலிலும் இரண்டு பேர் குனிந்து தேடுகிறார்கள்.

பெர்லின்காரரான கியோர்க் சிம்மல் 1903-ல் மாநகரமும் மனவாழ்வும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓயாமல் மோதும் காட்சிகளிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நகரவாசி பிறரிடமிருந்து விலகி நிற்கப் பழகுகிறான், பணப் பொருளாதாரம் அந்த விலகலை வளர்க்கிறது என்பது அவர் வாதம். நூற்றாண்டு கடந்தும் சமூகவியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள், படிக்கத் தகுந்ததுதான். ஆனால் சென்னைப் பேருந்தில் அந்நியர்களைத் திரும்பிப் பார்க்கவும் பேசவும் வைப்பது அந்தப் பணமேதான். இதை அவருடைய வாதத்துக்கு ஒரு விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. வாங்குகிறவர் கையில் படாமல் காசை மேலிருந்து போடுவதும், டீக்கடையில் இரட்டைக் குவளை வைப்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலர் பார்த்து வளர்ந்தவை. 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தை அத்தனை கடுமையாகச் சாடியதற்குக் காரணம் இருந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வரும் ஒருவருடைய ஐந்து ரூபாய் இங்கே வழியெல்லாம் உள்ளங்கைகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. அவர் டிக்கெட்டும் அதே கைகள் வழியாக வந்து சேர்கிறது. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது இதே நகரம் அந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கும் என்பதை அறிந்தே சொல்கிறேன். பேருந்துக்குள் கிடைக்கும் அந்தச் சமத்துவம் உண்மையானது, அதன் அளவு சிறிதானாலும்.

புதியவருக்கு இதில் படிப்பும் உண்டு. பிறர் பணத்தை அனுப்பி அனுப்பியே நிறுத்தங்களின் வரிசை மனப்பாடமாகிறது. பலகையில் உள்ள பெயர் வேறு, வாயில் உள்ள பெயர் வேறு என்பதும் தெரிகிறது. 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் இருக்க, ஜெமினி படக்கம்பெனி போய்விட்ட பிறகும் டிக்கெட் 'ஜெமினி'க்குத்தான் கேட்கிறார்கள்.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் அவர்களுடைய இலவச டிக்கெட் கைமாறித்தான் வருகிறது. 2025-ல் இப்பேருந்துகளுக்குச் சிங்காரச் சென்னை பயண அட்டையும், பிறகு 'சென்னை ஒன்' செயலியும் வந்தன. சில்லறைத் தகராறு குறைகிறது, நல்லது. ஆனால் செல்பேசியில் எடுத்த டிக்கெட்டுக்கு அடுத்தவர் கை தேவைப்படுவதில்லை. இந்த வழக்கம் மெல்லத் தேய்வதை நான் இழப்பாகவே எண்ணுகிறேன்.

ஆகவே கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி நகரப் பேருந்து ஏறுகிறவர்களுக்கு: முதல் சில நாட்களாவது காசு கொடுத்தே டிக்கெட் வாங்குங்கள். வண்டியின் நடுவில் நில்லுங்கள், வேலை அதிகம் அங்கேதான். ஐந்நூறு ரூபாய் நோட்டை அனுப்பாதீர்கள். பாக்கியைக் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தால், இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்பே பின்வாசல் பக்கம் நகர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யாராவது தோளில் தட்டினால், அதையும் வாங்கி அனுப்பிவிட்டு இறங்குங்கள்.